நாற்பத்திரண்டு கிளிஞ்சல்

நூற்றைம்பத்து நான்கு ரூபாய் ஐம்பது காசு. உப்பளத்து ஆட்கள் எட்டுப் பேருக்கு மியூசியம் கமிட்டி தரவேண்டிய கூலி. ஆம்பளை மூணு பேருக்கு நாளைக்கு நாலு ரூபாய், பொம்பளை அஞ்சு பேருக்கு ரெண்டே முக்கால், ஆறு நாள். மார்கழியில் செய்த வேலை. பங்குனி பிறந்தும் கைக்கு வரவில்லை.

தரவேண்டியது கமிட்டி. ஆனால் எல்லார் கண்ணும் சகாதேவன் வாசலில்தான் இருந்தது. அந்த உப்பளத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கூட்டிப்போன மேஸ்திரி கூலி வாங்கித் தராமல் போனால், அவன் வீட்டுக் கதவோரம் மண்சுவரை நனைத்து, கூலி வராத ஒவ்வொரு நாள் வேலைக்கும் ஒரு கிளிஞ்சலைக் குத்திவிட்டுப் போவார்கள். காசு வந்த அன்றைக்குக் குத்தினவரே வந்து பிடுங்கவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. சகாதேவனைத் தவிர்த்து ஏழு பேர், ஆறு நாள். அவன் சுவரில் நாற்பத்திரண்டு கிளிஞ்சல் வெள்ளை வெளேரென்று பல்லிளித்துக்கொண்டிருந்தது.

முந்தின வருஷம் மழைத்தண்ணீருக்கு வடிகால் வெட்டும்போது, அளத்துக்கு மேற்கே மேட்டில் பானை ஓடும் பாசிமணியும் கிடைத்தன. பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் நடராசன் அதைப் பார்த்ததிலிருந்து நிலைகொள்ளவில்லை. கமிட்டி போட்டார், தானே செயலாளர் ஆனார். பழைய உப்புக் கிடங்கைக் கேட்டு வாங்கி, அதுதான் மியூசியம் என்றார். மேட்டை முறையாகத் தோண்ட ஆள் கேட்டார். மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது, அடுப்பும் பாதி நாள் எரியாது. சகாதேவன் ஏழு பேரைக் கூட்டிப்போனான்.

சகாதேவனுக்கு எழுத்து வந்ததே நாற்பத்தாறாவது வயதில். முதியோர் வகுப்பில் அவனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவரும் இதே நடராசன்தான். அவனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

ஆறாம் நாள் சாயங்காலம் ஒரு காகிதத்தோடு வந்தார். முழு ஒரு பக்கம், நெருக்கி எழுதியிருந்தது.

"ஏம்பா சகாதேவா, இன்னமும் நீ ரேகை வெக்கிற ஆளா? போடு கையெழுத்தை. உன் ஆளுங்க பார்க்கட்டும்."

ஒரு பக்கம் படிக்க அவனுக்கு ஒரு பாத்தி உப்பு வாருகிற நேரம் ஆகும். உதடு அசையும், விரல் வரியைத் தொட்டுக்கொண்டு போகும். எழுத்து சொல்லிக்கொடுத்தவர் எதிரே நிற்கும்போது, உட்கார்ந்து எழுத்துக்கூட்டினால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்காதா? 'ம. சகாதேவன்' என்று போட்டான். புள்ளிகளை மறக்காமல் வைத்தான். அவன் போட்டதைப் பார்த்து ஏழு பேரும் மை தொட்டு ரேகை வைத்தார்கள்.

அதற்கப்புறம் கூலி எங்கே என்றால் வாத்தியாரிடம் ஒரே பதில்தான். "மெட்ராஸ்லேர்ந்து கிராண்ட் வரட்டும்பா."

சர்க்கார் கிராண்ட் பணத்தில் முதல் தவணை ஆயிரம் ரூபாய் வந்தது. கிடங்குக்குப் புது ஓடு ஏறியது. திண்டிவனத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிகள் வண்டியில் வந்து இறங்கின. இவர்கள் தோண்டின ஓடுகள் பெட்டிக்குள் பஞ்சுமேல் படுத்துக்கொண்டன. கூலி வரவில்லை. ஒருநாள் வாத்தியார் பச்சைப் பளபளப்பில் ஒரு சைக்கிள் ஓட்டிவந்தார். சகாதேவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் மணியடித்தாலே தங்கள் கூலிதான் கிணுகிணுக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் வாத்தியார்மேல் ஒரு கண் வைத்திருந்தால், ஊர் அவன்மேல் ரெண்டு கண் வைத்திருந்தது.

"படிச்ச ஆளு ஒருத்தன் இருந்தான்னா இதான்," என்றாள் குப்பம்மாள். புருஷன் இல்லாதவள், நாக்கு கத்தி மாதிரி. தலையில் உப்புக்கூடையோடு, அவன் காதில் விழும்படிதான் சொன்னாள். "நாங்க ரேகை வெச்சோம், அது உள்ளது. இவரு எழுதினாரே, என்னத்த எழுதினாரோ!"

"பேரைத்தான் எழுதினேன், குப்பம்மா."

"பேரை எழுத அவ்வளவு நேரமா?"

சகாதேவன் பெண்சாதி வேலம்மாள், தன் அண்ணன் வாங்கிக்கொடுத்த சேலையை ஒருநாள் கட்டிவிட்டாள். அது கூலிக்காசில் வந்தது என்று அன்றைக்கே குழாயடியில் கணக்குப் போட்டுவிட்டார்கள். ராத்திரிச் சோற்றை வைத்துவிட்டு அவளே புருஷனைக் கேட்டாள்: "எங்கிட்டயாவது நெஜத்தச் சொல்லு. நீ ஒண்ணும் வாங்கிடலியே?" சகாதேவன் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினான்.

பங்குனி நடுவில் நடராசன் அளத்துக்கே தேடி வந்தார். சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வரப்புமேல் நடந்து வந்தார்.

"வியாழக்கிழமை மெட்ராஸ் ஆபீஸர் வர்றாரு. ரெண்டாம் தவணைக்கு இன்ஸ்பெக்சன். ஏதாவது கேட்டா 'ஆமாங்க'ன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"என்னத்துக்கு சார் ஆமாங்க?"

"எதுக்குக் கேட்டாலும்."

உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடியே சகாதேவன் அவர் போவதைப் பார்த்தான். எமர்ஜென்சி வருஷம் அது. அதிகாரி என்றாலே எல்லாருக்கும் பயம். ஆனாலும் இவர் பயப்படுவது வேறெதற்கோ என்று அவனுக்குப் பட்டது.

வந்த அதிகாரி ஹபீப் முஹம்மது, ஒல்லியாக, கண்ணாடி போட்டவர். கிடங்கைச் சுற்றிப் பார்த்தார், பெட்டிகளை எண்ணிக்கொண்டார். அளத்தையும் பார்க்கவேண்டும் என்று உப்பளத் தெரு வழியே நடந்தார். சகாதேவன் வீட்டுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து கிளிஞ்சல்களை வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"இது என்ன?"

"திருஷ்டிக்கு சார்," என்றார் நடராசன் சட்டென்று. "இங்க ஒரு நம்பிக்கை."

"அருமையா இருக்குதே! பானை ஓடு எல்லா ஊர் மியூசியத்திலயும் இருக்குது. உள்ளூர் மியூசியம்னா இந்த மாதிரிதான் வேணும். இந்தச் சுவரை இந்தளவுக்கு வெட்டி எடுத்துப் பெட்டியில வெக்கலாம். வீட்டுக்காரர் யாரு?"

மத்தியானக் கஞ்சிக்கு வந்த ஆட்கள் கூடிவிட்டார்கள். சகாதேவன் முன்னால் வந்தான். நடராசன் அவனையே பார்த்தார், கண்ணாலேயே கெஞ்சினார். 'ஆமாங்க' என்று சொன்னால் போதும். குப்பம்மாளும் பார்த்தாள்.

"எடுத்துக்கோங்க ஐயா," என்றான். "ஆனா அது திருஷ்டிக்கு இல்லீங்க. ஒவ்வொண்ணும் ஒரு நாள் கூலி. உங்க மியூசியத்துக்குத் தோண்டின கூலி. வந்து சேரல."

அதிகாரி நிமிர்ந்தார். கைப்பையிலிருந்த ஃபைலை எடுத்து, பக்கம் புரட்டி, ஒரு காகிதத்தில் நின்றார்.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

"என்னுதுதான்."

"படிங்க."

சகாதேவன் இந்தத் தடவை வெட்கப்படவில்லை. வாசலில் குந்தினான், விரலை வைத்தான், உரக்கப் படித்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. மூணாவது வரியில் விரல் நின்றது. "உ... ழைப்பு... நன்... கொடை. கீழே கண்ட எட்டுப் பேரும்... கூலி... பெறாமல்... மனமுவந்து..."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"மனமுவந்தா!" என்றாள் குப்பம்மாள். "யாருய்யா உவந்தது? நீ படிச்சுட்டுத்தானே போட்டே?"

"படிக்கல, குப்பம்மா. வாத்தியார் எதிர்ல நின்னாரு. எழுத்துக்கூட்ட வெக்கமா இருந்திச்சு."

யாரோ சிரித்தார்கள். அது அவனுக்கு ஆறு நாள் கூலி வராததைவிட அதிகமாக வலித்தது.

நடராசன் நடுத்தெருவிலேயே கொட்டிவிட்டார். ஊர்ப் பங்காக ஆயிரம் காட்டினால்தான் கவர்மெண்ட் ரெண்டாயிரம் தரும். பணம் தர்றேன் என்ற அளத்து முதலாளிகள் கடைசியில் கையை விரித்தார்கள். குறைந்ததை உழைப்பாகக் காட்டினார். கிராண்ட் வந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். வந்தபிறகு விதியைப் படித்தால், அந்தப் பணம் கூரைக்கும் பெட்டிக்கும் மட்டும். கூலிக்கு ஒரு காசு எடுக்கக்கூடாது. "என் பிள்ளைங்கமேல சத்தியமா, நான் ஒரு பைசா தொடல சார்."

"தொடலைன்னு நான் நம்பறேன். பொய்க்கணக்கு பொய்க்கணக்குதான்," என்றார் அதிகாரி. "கூலியை உள்ளூர்க்காரர் யாராவது கைக்காசு போட்டுக் குடுத்தா, அதுவும் ஊர்ப் பங்குதான். பத்து நாள் டயம். குடுத்த ரசீது எனக்கு வரணும். இல்லேன்னா மீதி ஆயிரம் வராது, வந்த ஆயிரமும் திரும்பிப் போகும்."

ஒன்பதாம் நாள் நடராசன் தெருவில் வந்தார். மணிச்சத்தம் கேட்கவில்லை. நடந்து வந்தார்.

"சைக்கிள் எங்க சார்?"

"கூனிமேட்டு யூசுப் பாய் கடையில. நூத்தி அறுபதுக்குப் போச்சு. ஏழு வருஷத்துப் பழசுப்பா அது. பெயிண்ட் மட்டும்தான் புதுசு."

சகாதேவன் நம்பினானா என்றால், முழுசாக இல்லை. நோட்டுகளை வெயிலில் தூக்கிப் பார்த்தான். ரெண்டு தடவை எண்ணினான். நூற்றைம்பத்து நான்கு ரூபாய் ஐம்பது காசு. பிறகு ரசீதை வாங்கிக் குந்தினான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். மறுபடி முதல் வரிக்குப் போனான். ஏழு பேரும் வெயிலில் நின்றார்கள், வாத்தியாரும் நின்றார். யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. பின்பக்கத்தைத் திருப்பி ஒன்றும் எழுதவில்லை என்று பார்த்தபிறகுதான் கையெழுத்துப் போட்டான்.

குப்பம்மாள் பதினாறரை ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு சுவருக்குப் போனாள். ஒன்று, ரெண்டு என்று பிடுங்கினாள்.

"குப்பம்மா, ரெண்டே ரெண்டு விட்டுடேன்," என்றார் நடராசன் தயங்கி. "ஆபீஸர் பெட்டிக்குக் கேட்டாரு."

"கூலி வந்தாச்சுன்னா கிளிஞ்சல் நிக்கக்கூடாது, வாத்தியாரே. பெட்டிக்கு வேணும்னா இன்னொரு ஆறு நாள் சும்மா வேலை வாங்கு, புதுசா குத்தித் தர்றேன்."

தெருவே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். ஆறாவதைப் பிடுங்கினவள் சகாதேவன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

"நெஜத்தச் சொல்லு. இதுல உனக்கு எவ்வளவு?"

"ஆறு நாள். இருபத்தி நாலு ரூபா."

"ம்ம்," என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

எல்லாரும் பிடுங்கி முடித்தபோது சுவர் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. சகாதேவன் குடத்துத் தண்ணீரில் களிமண் குழைத்து, ஒவ்வொரு குழியாக எண்ணி அடைத்தான். நாற்பத்திரண்டு. சரியாக இருந்தது.