பன்னிரண்டு எலிகள்

வந்துவிட்டான், மறுபடியும் வந்துவிட்டான் அந்த வேர்மன்னன்! சர்க்கரை நோய்க்கான வேர்ப்பொடி பற்றிய பக்கத்தில், மருந்துக்கடைக்காரி நீக்கிய அதே வரியை அப்படியே ஒட்டிவிட்டுப் போயிருந்தான்: ‘இப்பொடியை உண்டால் இன்சுலின் தேவையில்லை என ஆய்வு காட்டுகிறது.’ என்ன பொல்லாத ஆய்வு? பன்னிரண்டு எலிகளுக்கு ஆறு வாரம் பொடி ஊட்டிவிட்டு எவனோ எழுதிய நாலு பக்கம். இதை யாராவது நம்பித் தொலைத்தால்? அவளுடைய அக்காவே ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் ஊசியால்தான் உயிரோடு இருக்கிறாள்.

யார் வேண்டுமானாலும் ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டு திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம் அது. மருத்துவம் என்றால் மட்டும் அங்கே கறார். ஒற்றை ஆய்வு போதாது, எலி ஆய்வு எடுபடவே எடுபடாது. மனிதர்களிடம் நடந்த பல ஆய்வுகளை அலசிய கட்டுரை வேண்டும். அவளிடம் அப்படியொன்று இருந்தது. திருத்துகிறவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அதை வைத்து நாலு பேரிடம் கருத்துக் கேட்டிருந்தால் விவகாரம் தீர்ந்திருக்கும். இவனிடம் போய் நான் இறங்கிப் பேசுவதா என்ற வீம்பு விடவில்லை. ‘எலிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாத தற்குறி’ என்று அங்கே எழுதிவிட்டு, வரியை நீக்கினாள். அன்றைக்கு அது நான்காவது முறை.

ஒரே நாளில் மூன்று முறைக்குமேல் அடுத்தவர் எழுத்தை நீக்கினால் தடை. பதினோரு வருஷமாக எழுதுகிறவளுக்குத் தெரியாதா என்ன? ஆத்திரம் கண்ணை மறைத்தது. வேர்மன்னன் புகார் கொடுத்தான். நிர்வாகி அவள் நீக்கியதை ரத்து செய்து, பொய் வரியோடே பக்கத்தைப் பூட்டி, அவளுக்கு மூன்று நாள் தடை போட்டார். ‘எது சரி என்று சொல்ல நான் வரவில்லை, சண்டையை நிறுத்த வந்தேன்’ என்று ஒரு குறிப்பு வேறு.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அக்கா.

“இந்த மாசம் எனக்கு இன்சுலின் எடுத்து வைக்காதே. உங்க மாமா காட்டினார். நீ எழுதற கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்கே! சரிபார்க்காத எதுவும் அதுல நிக்காதுன்னு நீதானே பீத்திக்கிட்டே?”

“அக்கா, ஊசி போட்டியா இல்லையா?”

“நேத்துலேர்ந்து போடல. வாந்தியா வருது. பொடி கெட்டதையெல்லாம் வெளியேத்துதாம்.”

இன்சுலின் நின்று வாந்தியும் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். “ஐயோ அக்கா, அந்த வரி பொய்! நான் இப்பவே...”

“இப்பவே என்ன கிழிப்பே?” போனை அக்காவின் கணவர் பிடுங்கியிருந்தார். “மூணு நாளைக்கு அதுல நீ கை வைக்க முடியாதே!”

தடை விழுந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“மாமா... நீங்களா?”

“தற்குறியேதான் பேசறேன். கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ஒரு மனுஷனா மதிச்சிருக்கியா நீ?”

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, கடைப் போனில் ஆம்புலன்ஸை அழைத்து விலாசம் சொன்னாள்.

“வண்டி வருது மாமா. கதவைத் திறந்து வைங்க.”

“எதுக்கு? எவனும் உள்ளே வரக்கூடாது.”

பின்னால் அக்கா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

“நான்தான் தற்குறி. நீங்க படிச்சவர். தப்பு என் மேலதான். கதவை மட்டும் திறங்க மாமா, உங்களைக் கும்பிடறேன்.”

“இதைப் பேச்சுப் பக்கத்துல எழுதுவியா?”

“எழுதறேன். தடை முடிஞ்சதும் முதல் வேலையா எழுதறேன். கதவைத் திறங்க.”