நான்கு வெள்ளைத் துண்டுகள்

“இன்னிக்கும் வெள்ளைதான்பா. ஒரு எழுத்துகூட இல்ல.”

“நீளம் எவ்ளோ இருக்கு?”

“நேத்தைவிடப் பெருசு. என் தோள் வரைக்கும் வருது. அம்மா பஹுத் குஸ்ஸால இருக்காங்க போல. நான் வேணா போன்ல கேக்கட்டுமா?”

“கோவமா இருந்தா இருக்கட்டும், ஒண்ணும் வேணாம். பெரியவங்க விஷயத்துல நீ நடுவுல போகாத. பஸ் வந்துரும், ஜல்தி கெளம்பு.”

ஷ்ருதி தோளைக் குலுக்கிக்கொண்டு, பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்த துண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினாள். கதவு சாத்தப்பட்ட பிறகும் ஜெகன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை வந்தது ஒரு சாண். புதன் இரண்டு சாண். வியாழன் கொஞ்சம் குறைவு. இன்றைக்குத்தான் மிக நீளம். மனைவியின் கோபத்தை ஒருவன் முழம்போட்டு அளக்கும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

அந்த பிரிண்டர் முன்பு டெல்லி கோல் மார்க்கெட்டில் ஒரு மருந்துக்கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தது. கடையை மூடியபோது ஜெகன் வாங்கி வந்தான். மையே தேவைப்படாத ரகம். காகிதத்தின்மேல் சூடு பட்டால் பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். அதோடு சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினியைப் பொருத்தி இன்டர்நெட்டில் இணைத்து, சென்னையிலிருந்து மனைவி சுபாஷிணி தன் போனில் எழுதினால் மோதி பாக் குவார்ட்டர்ஸில் இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அச்சாகும்படி செய்தான். முதலில் அவள் அனுப்பிய தமிழெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகவே வந்து விழுந்தது. எழுத்துகளைப் படமாக்கி அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஆபீஸ் விட்டு வந்து, சோறு வடித்து, மகளின் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டி முடித்தபின் மிச்சமிருக்கும் நேரத்தில் அதைச் செய்தான். அந்த ஒரு வேலையில் மட்டும் அவனுக்கு அலுப்புத் தட்டவில்லை. பகலில் வருவதையெல்லாம் பிடித்துவைத்து, காலை ஆறரைக்குச் செய்தித்தாள்போல அச்சடிக்கும். அச்சானதும் தானே அழித்துவிடும். இங்கேயும் அவள் போனிலும் நகல் கிடையாது. “லெட்டர் மாதிரிங்க. கிழிச்சா போச்சு,” என்று சுபாவுக்கும் அது பிடித்திருந்தது. மகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் வேறு எந்த மறைப்பும் தேவைப்படவில்லை.

பதவி உயர்வோடு அவள் சென்னைக்குப் போய் ஒரு வருடம் முடியப்போகிறது. இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருப்பதா, உயர்வை விட்டுக்கொடுத்துவிட்டு டெல்லிக்குத் திரும்புவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு மாலை அவள் போனில் சொன்னாள், “இத போன்ல பேச வேணாங்க. நாம பேச ஆரம்பிச்சா கேஸ் சிலிண்டர்ல போய்த்தான் முடியுது. என் மனசுல இருக்கறத எழுதறேன். படிச்சிட்டு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.” அச்சா, அச்சா என்று அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. கையில் காகித ரோல். கடையில் கிடைத்தது பெரிதாக இருந்ததால் பிரிண்டருக்குள் நுழையவில்லை. அவள் பேசப் பேச அவன் அதில் பாதியைப் பிரித்து, பழைய ரோலின் உள்குழலில் சுற்றினான். மூடியைச் சாத்தியபோது சோதித்துப் பார்க்கச் சோம்பலாக இருந்தது.

செவ்வாய் காலை வெள்ளைத் துண்டு வந்தபோது இயந்திரத்தை அவன் சந்தேகிக்கவில்லை. எழுதாமல் என்டரை மட்டும் தட்டித் தட்டி அனுப்பினாலும் இப்படித்தான் வரும். கல்யாணமான புதிதில் ஒரு சண்டைக்கு மறுநாள், காலி டிபன் பாக்ஸை இறுக்கி மூடி ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பியவள் அவள். பகல் ஒரு மணிக்கு நாலு பேர் நடுவில் அதைத் திறந்தவன் அவன். இதுவும் அதுதான் என்று முடிவுகட்டினான். அவளே முதலில் வாயைத் திறக்கட்டும். தினமும் மாலையில் ஷ்ருதி அம்மாவோடு பேசும்போது அவன் பால்கனிக்குப் போய்க் காயாத துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷ்ருதி டியூஷனுக்குப் போயிருந்தாள். டீ போட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மேசையில் கிடந்த வெள்ளைத் துண்டின்மேல் வைத்தான். குடிக்க எடுத்தபோது காகிதமும் டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிய்த்துத் திருப்பினான். மேசையைப் பார்த்துக் கிடந்த பக்கத்தில் ஒரு கறுப்பு வளையம், கிரகணத்துச் சூரியன்போல.

மேல்பக்கத்தை நகத்தால் கீறினான். ஒன்றுமில்லை. கீழ்ப்பக்கத்தைக் கீறினான். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

இந்தக் காகிதத்தில் ஒரு பக்கம்தான் கறுக்கும். ஞாயிற்றுக்கிழமை அவன் சுற்றிய சுற்றில் அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டது. அவள் எழுதியதையெல்லாம் இயந்திரம் நான்கு நாளும் ஒழுங்காக, வரி வரியாக, ஒன்றும் பதியாத பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. நொடிகூட நிற்காத அந்தச் சூடு காகிதத்தைத் தாண்டி மறுபக்கம் போகவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, வியாழக்கிழமைத் துண்டைத் திருப்பிப் போட்டு லேசாக ஒற்றிப் பார்த்தான். ஏதாவது தடம் தெரியாதா என்ற ஆசை. காகிதம் முழுக்க நிலக்கரிபோல ஆனது. கணினியில் தேடவே வேண்டியதில்லை. அழித்துவிடும்படி புரோகிராம் எழுதியவன் அவனே.

போன் நான்காவது மணியில் எடுக்கப்பட்டது. பஸ் சத்தம்.

“சொல்லுங்க.”

“சுபா, நீ எழுதி அனுப்பினது...”

“நாலு நாள் எழுதினேன். நீங்க ஒரு வார்த்த சொல்லல. சரின்னு மத்தியானமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.”

“எதுன்னு போட்ட?”

“படிச்சீங்கல்ல? அதுல இருக்கறதுதான்.”

அவன் சொன்னான். ரோல் சுற்றியது, வெள்ளையாக வந்தது, டம்ளர், வளையம் எல்லாம். மறுமுனையில் பஸ் எங்கோ நின்று மறுபடி கிளம்பியது.

“நாலு நாளா வெள்ளையா வந்திருக்கு,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான். “ஒரு போனப் போட்டு, ஏண்டி ஒண்ணுமே இல்லாம வருதுன்னு கேக்கத் தோணலையா உங்களுக்கு? நான் ஒண்ணும் எழுதாம அனுப்புவேன்னு நெனச்சிட்டீங்க. அவ்ளோதான்.”

காலி டிபன் பாக்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். ஒரு கையால் மூடியைத் திறந்து, ரோலை உருவித் திருப்பி மாட்டினான். காகிதத்தின் நுனி வெளியே வந்து நின்றது.

“சுபா, இப்ப சரியா மாட்டிட்டேன். எல்லாம் வேணாம். மொத நாள் எழுதினத மட்டும்... மறுபடி ஒரு தடவ எழுதேன்.”

போனில் கண்டக்டரின் விசில் கேட்டது. மின்விசிறிக் காற்றில் அந்த நுனி படபடத்துக்கொண்டிருந்தது.