கொடி நடாத வயல்

கணவன் மன்ஷிக்கின் இழவு மண்டபத்தில் மால்சுன் தரையில் நெற்றி பட வணங்கிக்கொண்டிருந்தபோதுதான் சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"நாளைக்குக் காலையில காத்து பெரிசா இருக்காதாம். ட்ரோன் விட இதைவிடத் தோதான நாள் வராது."

குனிந்தவள் நிமிர மறந்துபோனாள். துக்கம் கேட்க வந்து எதிரே வணங்கிய பெரியவர், துக்கம் தாளாமல் மயங்கிவிட்டாளோ என்று பதறி அவள் மகன் கியுஹோவைப் பார்த்தார். அவன் அம்மாவின் தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டான். அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. திருடச் சொல்லி யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனதைப் போன்ற ஒரு திகில்தான் இருந்தது.

கொடி நடவில்லை.

ஆவணி பிறக்கும் சமயத்தில் ஊருக்கே சேர்த்து மருந்தடிப்பார்கள். வேண்டாம் என்கிறவர்கள் முந்தின நாளே தங்கள் வயலின் நாலு மூலையிலும் சிவப்புக் கொடி நட்டுவிட வேண்டும். ட்ரோன் விடுகிறவர்கள் வெளியூர்ப் பையன்கள். யார் வயல், யார் கொள்கை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. கொடி இருந்தால் விலகிப் போவார்கள், இல்லாவிட்டால் அடித்துக்கொண்டே போவார்கள், அவ்வளவுதான். வருஷா வருஷம் மன்ஷிக்தான் தன் கையால் கொடி நடுவான். மனைவியைக்கூட நம்ப மாட்டான். இந்த வருஷம் கொடிகள் கட்டுக்கட்டாகக் கொட்டகையில் கிடக்கின்றன. மன்ஷிக் நேற்றுக் காலை அதே வயலில் களை பறித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவேயில்லை.

படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு அவன் அரிசியை எடுத்துக்கொண்ட வருஷம் பிடித்த படம். சுற்றிலும் வெள்ளைச் சாமந்தி.

கொடி நடாததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மால்சுன் வாயைத் திறந்தாள். "கியுஹோ."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. பத்தி அணையப் போகுது, வேற ஏத்து."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே அப்போது பதில் தெரியாது. தெரியவந்தபோது தன்னை நினைத்தே பயந்தாள்.

அவளுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை ஆகியிருந்தது. மருந்தடிக்காத வயலில் களையை யார் தின்பது? நத்தையை விட்டால் தின்னும் என்பான் மன்ஷிக். நத்தை தின்றது போக மிச்சத்தை மால்சுன்தான் பறித்தாள். சேற்றில் குனிந்து குனிந்தே வயசு போனது. ஒரு வருஷம் புகையான் பூச்சி விழுந்து பாதிப் பயிர் தீய்ந்து வைக்கோலாகி நின்றபோது, "ஒரே ஒரு தடவை அடிச்சிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டுவிட்டாள். "அந்தச் சோத்தைத் திங்கற பிள்ளைக்குத் தெரியாது. அதனாலதான் அடிக்கக் கூடாது" என்றான். அதோடு சரி, அறுவடை முடியும்வரை அவளோடு பேசவில்லை. அவள் சமைத்துப் போட்டதை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

இப்போது அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு துக்கத்தில் இருந்தால் போதும். காலையில் ட்ரோன் வரும், அடிக்கும். அறுப்புக்கு முன்னால் அதிகாரிகள் நெல்லை எடுத்துச் சோதிப்பார்கள், மருந்து எச்சம் தெரியும், இயற்கை விவசாயச் சான்று போகும். புருஷன் செத்த வீட்டில் கொடி நட மறந்துவிட்டாள் என்று ஊரே பரிதாபப்படும். அப்புறம் வயலை மூத்தார் தேஷிக்கிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு குவாங்ஜு நகரத்துக்குப் போய்விடலாம். மாடி வீட்டில் மின்தூக்கி இருக்கிறது, முழங்காலை மடக்க வேண்டியதே இல்லை.

நினைக்க நினைக்க அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது.

மேசைகளில் காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் போய்க்கொண்டிருந்தன. இழவு வீட்டுச் சாப்பாட்டுக்கே உரிய சிரிப்பும் தொடங்கிவிட்டது.

"மன்ஷிக் அண்ணன் மட்டும் இருந்திருந்தா இந்நேரம் சமையக்காரம்மாவைக் கூப்பிட்டு, 'இந்தக் கீரை எந்த வயல்ல வெளஞ்சது, எத்தனை தடவை மருந்தடிச்சாங்க'ன்னு கேட்டிருப்பாரு."

"கேட்டுட்டு சாப்பிடாம எந்திரிச்சும் போயிருப்பாரு."

"அவரு வீட்டு விசேஷத்துல நாம நிம்மதியா சாப்பிடறது இன்னைக்குத்தான்டா முதல் தடவை!"

அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார் தேஷிக். மன்ஷிக்கின் அண்ணன், ஊர் மருந்தடிப்புக் குழுவுக்குத் தலைவர். தம்பி வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. தம்பி வயலில்தான் பூச்சி குடியிருந்து ஊருக்குக் கிளம்புகிறது என்று அண்ணனும், அண்ணன் வயல் மருந்து காற்றில் வந்து தன் சான்றுக்கு உலை வைக்கிறது என்று தம்பியும் ஒருவரையொருவர் கரித்துக்கொட்டாத கோடை கிடையாது.

"ஏன்டா, நாங்க மருந்தடிச்சு வெளைவிச்சதைத் தின்னுதானே நீங்கல்லாம் இப்படி வாட்டசாட்டமா இருக்கீங்க?" என்றார் தேஷிக், பழக்க தோஷத்தில். "அளவோட அடிச்சா ஒரு கேடும் இல்ல. சோதனையில தேறித்தானே கடைக்குப் போகுது? எல்லாரும் நத்தையை விட்டுட்டு உக்காந்தா ஊருக்கெல்லாம் எவன் சோறு போடறது?"

சொல்லிவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார். எதிர்ப்பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

மதியத்துக்கு மேல் நகரத்துப் பள்ளியின் சாப்பாட்டுப் பொறுப்பாளர் வந்தாள். மெலிந்த, சின்ன வயசுப் பெண். இரண்டு முறை படத்தை வணங்கிவிட்டு மால்சுன்னின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம்கூடப் போன்ல பேசினாரும்மா. இந்த வருஷம் நெல்லு பால் பிடிச்சிருக்கு, புது அரிசி நல்லா இருக்கும்னாரு. எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தனுக்கு எதைத் தின்னாலும் உடம்பெல்லாம் தடிச்சிடும். உங்க சோறு மட்டும் ஒத்துக்குது. அது அரிசியாலயா என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, அவங்கம்மா அப்படித்தான் நம்புறாங்க." தயங்கினாள். "இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். இந்த அறுப்பும் நீங்கதானே தருவீங்க?"

மால்சுன் தலையை ஆட்டினாள். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், அழுகிறாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் சரி என்று எடுத்துக்கொண்டு போனாள்.

பொழுது சாயும்போது தேஷிக் அவளிடம் வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏம்மா."

"சொல்லுங்க அத்தான்."

"வயல்ல எதுனா... செய்ய வேண்டியது இருக்கா?"

கொடி நடாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. குழுத் தலைவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை அவளாகச் சொல்ல வேண்டும் என்று நிற்கிறார். சொல்லாவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை, பக்கத்து வயலின் பூச்சித் தொல்லை ஒழிந்தது. அவள் அவருடைய கறுப்புக் காலணியையே பார்த்தாள்.

"என்ன செய்யணும்? ஒண்ணுமில்ல அத்தான்."

"ஒண்ணுமில்லையா?"

"இல்ல."

அவர் சிகரெட்டைப் பற்ற வைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் "சரிம்மா" என்று போய்விட்டார். புருஷனைப் பறிகொடுத்ததைவிட அந்தச் 'சரிம்மா' அவளை அதிகமாக உலுக்கியது. அதுதான் வெட்கக்கேடு.

மறுநாள் காலையில் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு பேருந்து கிளம்பியது. அடக்கம் செய்யும் குன்றுக்குப் போகிற வழியில், இறந்தவன் உழுத மண்ணருகே வண்டியை நிறுத்திக் கடைசியாக ஒரு கிண்ணம் மது ஊற்றுவது அவர்கள் குல வழக்கம். வேண்டாம், நேரே போகலாம் என்று சொல்ல மால்சுன்னுக்கு நாக்கு துடித்தது. அதை எந்த முகத்தோடு சொல்வது?

வயலோரம் வண்டி நின்றது. கதவு திறந்ததுமே அந்த இரைச்சல் கேட்டது.

மூன்று வயல் தள்ளி ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. தாழ்வாக, நேர்க்கோட்டில் போய் ஓரத்தில் திரும்பி மறுபடி வந்தது. அதன் அடியில் மருந்து வெண்புகையாக இறங்கியது. நெல் தலைகளெல்லாம் அந்தக் காற்றில் படுத்து எழுந்தன. முகத்தை மூடிய இரண்டு பையன்கள் வரப்பில் நின்று அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாலையோரத்தில் பாய் விரித்து, படத்தை வைத்து, காய்ந்த மீனும் மதுவும் படைத்தார்கள். கியுஹோ மண்டியிட்டான். ஈமக் காரியக்காரர் பெட்டியின் மேலிருந்த சிவப்புத் துணியை மூங்கிலில் கட்டிப் படத்தருகே உயர்த்திப் பிடித்தார். பெட்டிக்குள் இருப்பது யார் என்று சொல்லும் துணி அது, பெட்டியோடு குழிக்குள் போக வேண்டியது. பதவி ஏதும் வகிக்காமல் செத்தவனை அதில் 'மாணவர்' என்றுதான் எழுதுவார்கள். 'மாணவர், குவாங்சான் ஊர் நோ குலத்தவர்' என்று வெள்ளை எழுத்தில் இருந்தது. அறுபத்தொன்பது வயசு மாணவன்.

ட்ரோன் இரண்டாவது வயலுக்கு வந்துவிட்டது.

மால்சுன் தன் வயலைப் பார்த்தாள். நெல் தண்டுகளில் நத்தை முட்டைகள் இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் பறித்துப் போட்ட களை வரப்பில் அப்படியே வாடிக் கிடந்தது, பாதி வரிசைவரை. மீதி வரிசையில் களை நின்றது. 'இதையும் என் தலையிலதானே கட்டிட்டுப் போயிருக்கே, பாவி மனுஷா' என்று வாய்விட்டே சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த வேகத்தில் எழுந்து, காரியக்காரரின் கையிலிருந்து மூங்கிலைப் பிடுங்கினாள்.

"அம்மா! என்னம்மா இது? அது பெட்டியை விட்டுப் போகக் கூடாதும்மா!"

"அம்மா, எங்க போறே?" என்று கியுஹோ எழுந்தான்.

அவள் வரப்பில் இறங்கிவிட்டாள். வெள்ளை ரப்பர் செருப்பு வழுக்கியது. முழங்கால் இரண்டும் குத்தின. ட்ரோன் வரும் பக்கத்துக் கோடி மூலைக்குப் போய் மூங்கிலைச் சேற்றில் ஊன்றினாள். அது சாய்ந்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சிவப்புத் துணி விரிந்து படபடத்தது.

ட்ரோன் அந்தரத்தில் நின்றது. பையன்களில் ஒருவன் முகமூடியை இறக்கிவிட்டுக் கத்தினான்.

"அம்மா, தள்ளிப் போங்க! மேல படும்!"

"இந்த வயல்ல அடிக்காதே!"

"கொடியே இல்லையேம்மா!"

"இது என்னடா? கண்ணு தெரியலையா?"

அவன் துணியைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், சாலையில் நின்ற பேருந்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டான்.

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தேஷிக் வந்து சேர்ந்தார். கால்சட்டை முழங்கால்வரை சேறு.

"ஏம்மா, குழி வெட்டி வச்சிருக்காங்க. நேரம் பார்த்து இறக்கணும். துணி இல்லாம எப்படி இறக்கறது?"

"நீங்க போங்க அத்தான். இவங்க முடிச்சதும் நான் கொண்டு வந்துடறேன்." அவள் அவரைப் பார்க்கவில்லை. "நேத்து நீங்க கேட்டீங்க. நான் இல்லைன்னுட்டேன்."

"சரி விடு. நானும்தான் அதுக்கு மேல கேக்கலையே."

துணி அவளுடைய தோள் பக்கமாகவே அடித்துக்கொண்டிருந்தது. அதை இப்போதுதான் கவனித்தாள். "காத்து இந்தப் பக்கம்தானே வருது? உங்க வயல்ல அடிச்சா இங்கதானே வந்து விழும்?"

காற்றை வரப்புப் போட்டா மறிக்க முடியும் என்று தம்பியிடம் எத்தனையோ தடவை கேட்டவர் தேஷிக். தன் வயலைப் பார்த்தார். குனிந்து ஒரு நெற்பயிரின் தூரை விலக்கினார். புகையான் பொரிப்பொரியாக ஏறிக்கொண்டிருந்தது. கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"டேய் தம்பி!" என்று பையன்களை நோக்கிக் குரல் கொடுத்தார். "இந்த ஓரமா என் வயல்ல நாலு வரிசை விட்டுட்டு அடி!"

"பெரியவரே, பூச்சி இருக்குன்னு நீங்கதானே..."

"இருக்குடா, இருக்கு. எனக்குத் தெரியாதா? விட்டுட்டு அடின்னா அடி!" திரும்பி மால்சுன்னிடம், "நாலு வரிசைதான். அதுக்கு மேல உன் புருஷனே வந்து கேட்டாலும் கிடையாது" என்றார். சாய்ந்துகொண்டிருந்த மூங்கிலை அவரும் ஒரு கையால் பிடித்தார்.

ட்ரோன் மறுபடி கிளம்பியது. நாலு வரிசை தள்ளிப் போனது, திரும்பியது, வந்தது. நாலு வரிசை போதுமா என்று இருவருக்கும் தெரியாது. அறுப்புக்கு முன்னால் அதிகாரிகள் வரும்வரை தெரியப்போவதும் இல்லை.

சாலையில் கியுஹோ அப்பாவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். பேருந்து ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியின் எஞ்சினை அணைத்தார்.