விஜிலாவுக்கு மூன்று நாள் பரோல்

தூத்துக்குடியில் சிவனணைந்தபெருமாள் தன் நாவலில் கொன்ற யாரும் அதன்பிறகு கடலிலோ ரோட்டிலோ செத்ததில்லை. படுக்கையில் வரும் சாவை அந்த நாவல்கள் தடுக்கவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. பனங்காட்டுப் பக்கமிருந்து மளிகைக்கடை வேலைக்கு வந்து, பொட்டலம் கட்டும் காகிதங்களைப் படித்தே எழுதக் கற்றவர் அவர். 1996இல் வந்த முதல் மாத நாவலில், தெருவில் நிஜமாகவே இருந்த ஜோன்ஸ் என்ற படகு டிரைவரைப் பதினாலாம் பக்கத்தில் குத்திக் கொன்றார். விளையாட்டாகக் கொலைகாரனுக்குத் தன் பெயரையே வைத்து, கடைசி அத்தியாயத்தில் தூக்கிலும் போட்டார். அதைப் படித்துவிட்டுச் சண்டைபிடிக்க வந்த ஜோன்ஸ் மேல் உப்பு லாரி ஏறி இறங்கியது. ஜோன்ஸ் எழுந்து, சட்டையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டினான்.

மூன்றாவது நாவலுக்குள் கடற்கரைப் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருஷன் பெயரை எழுதிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். “விஷம் வேண்டாம் அண்ணாச்சி, அவுகளுக்கு வயிறு ஆகாது. கத்தியே வைங்க” என்றாள் ஒருத்தி. “அவ புருசனுக்கு மூணு பக்கம், எங்க வீட்டுக்காரவுகளுக்கு ரெண்டு வரியா? நாங்கன்னா எளக்காரமா?” என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். இருபதாம் பக்கத்துக்குள் பதினோரு பிணம் விழுந்த நாவல்களும் உண்டு. ஆனால் கொலைகாரனுக்குப் பெயர் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கொலைகாரனுக்குக் கற்பனைப் பெயர் போட்ட அந்த ஒரு மாதம் மட்டும் பலிக்கவில்லை; நாவலில் செத்த இரண்டு பேர் கடலோடு போனார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் பெருமாளே கொலைகாரர் ஆனார். புத்தகம் வந்த அன்று அவர் கழுத்தில் கயிற்றுத் தடம் ஒன்று விழும். நாற்பத்தியொரு தடம் விழுந்த பிறகு கஞ்சி மட்டும்தான் இறங்கியது. இன்னொன்று விழுந்தால் அதுவும் இறங்காது. 2011இல் நாவலை விட்டார். இரண்டு டிவி சீரியலுக்கு வசனம் எழுதிப் பார்த்தார்; பிறகு சிவகாசியிலிருந்து வரும் சிறுவர் பத்திரிகையில் துப்பறியும் கீரிப்பிள்ளை காமிக்ஸ் எழுத உட்கார்ந்தார். அதில் பலாப்பழம் திருடு போகும், யாரும் சாகமாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நவம்பரில், சங்கு குளிக்கப் போன வள்ளம் ஒன்று காற்றில் கவிழ்ந்தது. ஐந்து பேரில் நாலு பேர் ஏற்கெனவே நாவலில் செத்தவர்கள். கீறல்கூட இல்லாமல் கரை ஏறினார்கள். ஐந்தாவது ஆள் ரெக்சன்; அவனைக் காணவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நாவல்கள் நின்ற பிறகு தொழிலுக்கு வந்தவன். மூன்றாம் நாள் காலையில் அவன் பெண்டாட்டி விஜிலா, பெருமாள் வீட்டு வாசலில் நின்றாள். செத்தவனைக் கதையில் கொன்றால் பலன் கிடையாது, அச்சாகாத கதைக்கும் பலன் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வாரம் அச்சுக்குப் போகிற கதை கீரிப்பிள்ளை ஒன்றுதான். மத்தியானம் மிஷின் ஓடத் தொடங்கிவிடும்.

பெருமாள் பத்திரிகை ஆசிரியை அனுசியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“எட்டு வயசுப் பிள்ளைங்க படிக்கிறது சார். பலாப்பழம் காணாமப் போற பக்கத்துல பொணமா?”

“ஒரே ஒரு கட்டம்மா. ஒரு ஆளோட உயிரு.”

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. “சரி, ஒரு கட்டம். ஆனா தூக்கு கிடையாது. ஆயுள் தண்டனையோட முடிங்க. கொலைகாரன் பேரு?”

பெருமாள் கழுத்தைத் தொட்டார். தூக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும், ஆயுள் தண்டனை என்ன செய்யும் என்று தெரியாது. விஜிலா போனைப் பிடுங்கினாள்.

“விஜிலான்னு போடுங்க.”

“நீங்க யாரும்மா?”

“கொன்னவதான்.”

“ஏளா, என்ன ஆகும்னு எனக்கே தெரியாது” என்றார் பெருமாள்.

“சாகமாட்டேம்லா? போதும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் புத்தகம் கடைக்கு வந்தது. பதினொன்றேகாலுக்கு ரெக்சன் கடலுக்கடியிலேயே நடந்து பெரியதாழையில் கரை ஏறினான். சங்குப் பை தோளில் இருந்தது. பஸ் பிடித்துத் தெருவுக்குள் வந்தபோது பிள்ளைகள் கத்தின. விஜிலா ஓடிவந்தாள். வாசற்படிக்கு மேலே அவள் வலதுகால் அந்தரத்தில் நின்றது, முன்னே போகவில்லை.

“ஏளா, கோவமா? வெளிய வா.”

“வர முடியல. நீங்க உள்ள வாங்க.”

ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம் என்று தெருவில் கணக்குச் சொன்னார்கள். மீன்காரி வாசலுக்கு வந்தாள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் நற்கருணை கொண்டுவந்தார். ரேஷன்கடைக்காரர் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, “என்னா வெயிலு” என்று மட்டும் சொன்னார். ரெக்சன் மறுபடி சங்குக்குப் போனான்; அவனுக்கு இனி ஒன்றும் ஆகாது. அவன் திரும்பும் நேரம் அவள் ஜன்னலில் நிற்பாள்.

இந்த வருஷம் ஆகஸ்ட் இதழில், பெருமாள் கீரிப்பிள்ளைக் கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் சேர்த்தார். நன்னடத்தைக்காகக் கைதிக்கு மூன்று நாள் பரோல், கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிவரை. அனுசியா இந்தத் தடவை ஏன் என்று கேட்கவில்லை. விஜிலா மாதா கோயில் திருவிழாவுக்குப் போனாள். ராட்டினத்தில் ஏறினாள். கடலில் முழங்கால்வரை நின்றாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டத்தில் ரோடு அடைத்துக்கொண்டது. ஆறு மணிக்குள் உள்ளே இல்லையென்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது; பெருமாள் அதை எழுதவில்லை. “நான் தூக்கிட்டு ஓடட்டுமா?” என்றான் ரெக்சன். “வளையல் உடையும், நடங்க” என்றாள். ஆறுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் படி ஏறினாள். எதிர்வீட்டு அல்போன்சா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே, “வந்துட்டியா, நாளைக்கு மாவு அரைக்கணுமா?” என்று கேட்டாள். “ரெண்டு படி” என்றாள் விஜிலா உள்ளேயிருந்து.