ஆளுக்கொரு காது

கோட்டுத் துணியை மேசையில் விரித்துவிட்டு அக்கா அரை நாள் யோசிப்பாள். சாக்கட்டி கையிலேயே கரைந்துபோகும்.

"வெட்டுவியா, இல்ல துணியே மனசு எரங்கிக் கிழிஞ்சுக்கணுமா?" என்று தையல் மெஷினிலிருந்து தங்கை கேலி செய்வாள். அப்பா அம்மா போன பிறகு ஒருத்திக்கு ஒருத்தி என்று கடை நடத்துகிறவர்கள்.

காய்ச்சலில் கிடந்து எழுந்தபின் அக்காவின் தயக்கம் முற்றிவிட்டது. நரம்பு டாக்டர் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்தார். ஒயரில் இரண்டு கிளிப், காதுக்கு ஒன்று. எறும்பு ஊர்வதுபோல மெல்லிய மின்சாரம் காதோர நரம்பைத் தட்டிக்கொடுக்கும், யோசனை தெளியும், முடிவெடுக்க வரும் என்றார். உங்களுக்கு மட்டும்தான் என்றும் சொன்னார்.

அதை யார் கேட்டது? பாட்டுக் கேட்கிற ஒயரை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டு வளர்ந்தவர்கள் ஆயிற்றே. "எனக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்" என்று தங்கை ஒன்றைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள்.

பத்தே நாளில் அக்காவின் கத்தரி தண்ணீரில் மீன் போல ஓடியது. கடையில் பேச்சும் குறைந்தது. அக்கா நூலை நினைப்பாள், தங்கையின் கை நீளும். அளவு கொடுக்க வந்த டீச்சர், "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள்.

"இல்லையே." அதையும் ஒரே மூச்சில் இருவரும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் கடலுக்கு அப்பால் இருந்த பெரிய தையற்கூடம் ஒன்று தங்கையை வேலைக்குக் கூப்பிட்டது. பத்து வருஷக் கனவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போகச் சொல்வதென்று அக்கா மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

வியாழன் மத்தியானம் கிளிப்போடு உட்கார்ந்தார்கள். எறும்பு ஊர்ந்தது.

"போகல."

இரண்டு வாயும் சொல்லின. இது யார் எடுத்த முடிவு? அக்கா கிளிப்புகளைப் பிடுங்கி, கத்தரியால் ஒயரை நறுக்கினாள்.

"இப்ப சொல்லுடி. நீயா சொல்லு."

தங்கை சாக்கட்டியை எடுத்து விரலிடையில் உருட்டினாள், உருட்டிக்கொண்டே இருந்தாள். தயக்கம் என்றால் என்னவென்றே அறியாத பெண் அவள். போயிடு கண்ணு, போயிடு என்று அக்கா உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"போயிடுங்கிற," என்றாள் தங்கை, தலை நிமிராமல். "ஆனா அதுக்கு அடியில ஒண்ணு, விட்டுட்டுப் போகாதேன்னு அழுதுக்கிட்டே இருக்கேக்கா. அதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படிப் போவேன்?"

அக்கா இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.