ஹில்ட்ருட் வாயஸ் வீட்டின் குளிர்

அக்டோபர் பதினான்காம் தேதி காலை ஏர்லன்ஷைட் கிராமத்தின் பொதுக் கொதிகலனை முதன்முறையாகப் பற்றவைத்தபோது அறுபது வீடுகள் சூடாயின. ஹில்ட்ருட் வாயஸின் வீட்டுக்குள் மட்டும் பனி பெய்தது. மதியத்துக்குள் கூடத்துக் கம்பளத்தின் மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டது. எழுபத்தொரு வயதான அந்த மூதாட்டி அதை முறத்தில் அள்ளி வாசலில் கொட்டினார். வெளியே இதமான வெயில் அடித்ததால் பனி உடனே உருகிவிட்டது.

கொதிகலனுக்குப் பொறுப்பாளனான வோல்க்மார் டீட்ஸ்தான் முதலில் ஓடிவந்தான். குழாய் வேலைக்காரனான அவன் நான்கு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவன். வறட்சியாலும் பட்டையைத் துளைக்கும் வண்டுகளாலும் மலைச்சரிவின் ஸ்ப்ரூஸ் மரங்கள் முழுக்கச் செத்து நின்றன. அந்த மரத்தைச் சில்லாக்கி ஒரே இடத்தில் எரித்து, வெந்நீரைத் தெருவுக்கடியில் எல்லா வீட்டுக்கும் அனுப்பினால் யாரும் எண்ணெய் வாங்க வேண்டாம், வானத்தையும் கெடுக்க வேண்டாம் என்று அவன் சொன்னதை ஊர் பாதி நம்பியது, பாதி சிரித்தது. எதையும் லேசில் நம்பாத ஹில்ட்ருட்டின் சமையலறையில் அவன் மூன்று பிற்பகல்கள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் ஆப்பிள் கேக் முடிந்த தட்டை ஒதுக்கிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். அவரே போட்டுவிட்டார் என்றதும் மற்றவர்கள் இரண்டே வாரத்தில் போட்டார்கள். அவருடைய எண்ணெய்த் தொட்டியையும் அறையைச் சூடாக்கும் பழைய ஓடு பதித்த அடுப்பையும் உடைத்து வண்டியில் ஏற்றியவனும் வோல்க்மார்தான்.

வீட்டுச் சுவருக்கு வெளியே குழாயில் எழுபத்தெட்டு டிகிரி இருந்தது. சுவரைத் தாண்டி ஒரு முழம் உள்ளே வந்தால் மூன்று. நிலவறையில் குழாய்ச் சூட்டை வீட்டுக்குள் கொடுக்கும் பெட்டியை மூன்று முறை மாற்றினார்கள். நகரத்திலிருந்து வந்த பொறியாளர் கையுறையோடு ஒரு மணி நேரம் அளந்துவிட்டு, கருவிகள் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்துப் போனார். அந்த ஒரு வீடு இருபது வீட்டுச் சூட்டைக் குடித்தது. ஜனவரியில் மழலையர் பள்ளியின் குழாய்கள் வெதுவெதுப்புக்கு இறங்கின. குழந்தைகள் தொப்பியோடு சாப்பிட்டார்கள்.

பிப்ரவரியில் கொதிகலனில் சேர்ந்த வீடுகளின் சங்கம் கூடியது. ஹில்ட்ருட் வீட்டு வால்வை மூட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு அறுபது கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று ஹில்ட்ருட்டின் கை. வோல்க்மார் மட்டும் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூட வேண்டியவனும் அவன்தான். மறுநாள் அவன் நிலவறைப் படியிலேயே நின்றுவிட்டதைப் பார்த்து அவர் மேலிருந்து கேட்டார்.

"என்ன வோல்க்மார், திருகு எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா?"

"அடுப்பை உடைச்சது நான்தானே. உடைக்காம விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம். இப்ப மூடு. நீ மூடலேன்னா தெரியாத எவனாவது வந்து உடைச்சு வைப்பான்."

அவன் மூடினான். அன்று மாலையே பள்ளி சூடானது. யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை. தெருவில் முன்பைவிட மரியாதையாக வணங்கினார்கள்.

வோல்க்மார் அவர் வீட்டில் புது அடுப்பு வைத்துப் பார்த்தான். அதில் தீ எரிந்தது, ஆனால் சுடவில்லை. ஒரு ஞாயிறு மதியம் அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவந்தான். அவன் மனைவி ரோஸ்விதா வறுத்த பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கு உருண்டைகளும் செய்திருந்தாள். அவர் உட்கார்ந்த நாற்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் வெள்ளை படர்ந்தது. சுவரோரக் குழாய் டக்கென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. குழம்பில் கொழுப்பு உறைவதைப் பார்த்த அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

"இது வீட்டோட கோளாறு இல்லப்பா," என்றார். "எனக்கு அப்பவே சந்தேகம்."

இருங்கள் என்று சொல்ல வோல்க்மாருக்கு வாய் வரவில்லை. அவன் சொல்லாததை ரோஸ்விதாவும் கவனித்தாள், ஹில்ட்ருட்டும் கவனித்தார். கோட்டை அவரே மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. கோடைகள் ஒன்றைவிட ஒன்று கொடுமையாக வந்தன. ஏர்லன்ஷைட் எண்ணெய் எரிப்பதை நிறுத்தியது வானத்துக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஓடை வற்றியது, ஆகஸ்டில் முப்பத்தொன்பது டிகிரி சாதாரணமானது. வெக்கையில் மூச்சுத் திணறிய ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஒருத்தி ஹில்ட்ருட்டின் கதவைத் தட்டினாள். அடுத்த வாரம் முதியவர்கள் வந்தார்கள், பிறகு எல்லோரும், கம்பளிச் சட்டையும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு. அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே வந்தவர்கள் திறந்துபோட்ட கதவை ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ச் சாத்தினார்.

ஒன்பதாம் வருட மார்ச்சில் அவர் ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுவதை நிறுத்தினார். கண் திறந்திருந்தது. மருத்துவர் வந்து வெகுநேரம் நாடியைப் பிடித்திருந்தார். இறந்தார் என்று எழுத முடியாது, ஏனென்றால் நாளுக்கு ஒரு மூச்சு வருகிறது. நோயாளி என்றும் எழுத முடியாது என்றார். சான்றிதழை எழுதாமலே பையில் வைத்துக்கொண்டார். அடக்கம் செய்யவும் முடியாமல், எழுப்பவும் முடியாமல் ஊர் அவரை அப்படியே விட்டது. ஆகஸ்டில் நாற்காலியோடு வருகிறவர்கள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். திருமணமாகி ஊருக்கு வருகிறவர்கள் முதல் கோடையில் அவரைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்த கோடையில் கேட்பதில்லை.

மூச்சு காலை ஏழு மணிவாக்கில் வரும். வோல்க்மார் கொதிகலனைப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு அங்கே போய் எதிரில் உட்காருவான். அவர் உதட்டிலிருந்து சிறிதாக ஒரு வெண்புகை வரும், போகும். அதன் பிறகு அவன் வேலைக்குத் திரும்புவான். சில நாள் அது வர மதியம் ஆகிவிடும். அவன் இருப்பான்.