முப்பத்தேழு நாட்களும் ஒரு குழாயும்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் அண்ணியிடமிருந்து பிடுங்கினேன். "எழுதறதுன்னா எழுது. ஆனா கடல் மூச்சு விடுதுன்னு எழுதினே, அப்புறம் என் வீட்டுப் படி ஏறாதே" என்றார். நான் அவருக்குப் பதினாறு வருட நாத்தனார். அவர் மிரட்டினால் அது மிரட்டல்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே என் முதல் தொடக்கம் போயிற்று: ‘கடல் ஒரு மாபெரும் மார்பு. அது ஏறி இறங்கும்போதெல்லாம்…’

இரண்டாவது தொடக்கம்: ‘காலை ஆறேகாலுக்குக் கப்பலின் அடித்தளத்தில் இறங்கும் அந்தப் பெண்ணின் கண்களில் ஒரு…’

கண்களில் ஒன்றுமில்லை, தூக்கக் கலக்கம்தான். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

2

அண்ணி வேலை செய்வது விரிகுடாவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தினமும் போய்வரும் ஒரு பயணிகள் ஃபெர்ரியில். மேலே பயணிகள் செல்போன் பார்த்துக்கொண்டு போவார்கள். கீழே, இன்ஜின் ரூமுக்குப் பக்கத்து அறையில், ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று வைத்திருக்கும் கருவியோடு அண்ணி பதினோரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறார். (இது என் அண்ணன் சொன்னது.)

ஒரு குழாய் கடல்நீரை உள்ளே இழுக்கும். கருவி அந்த நீரில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும். கப்பலின் முன்புறத்திலிருந்து வரும் இன்னொரு சிறு குழாய் காற்றைக் கொண்டுவரும். அதில் எவ்வளவு என்றும் பார்க்கும். கடலின் எண் குறைவாக இருந்தால் வாயு காற்றிலிருந்து கடலுக்குள் போகும். கூடினால் கடலிலிருந்து வெளியே வரும். காற்று பலமாக வீசினால் எதுவானாலும் சீக்கிரம் நடக்கும்.*

* அவ்வளவுதானா என்று கேட்டேன். "அவ்வளவுதான். ஆனா நாம எரிக்கறதுல கிட்டத்தட்ட கால்வாசியைக் கடல்தான் வாங்கிக்குது. எவ்வளவு வாங்குது, எங்க திருப்பிக் கொடுக்குதுன்னு யாராவது உக்காந்து எண்ணணும் இல்ல?" என்றார்.

3

இரண்டு மாதத்துக்கு முன், கடல் வாயுவை வாங்கிக்கொள்ள வேண்டிய ஒரு மாதத்தில், எண் தலைகீழாகப் போயிற்று. காற்றில் பத்து லட்சத்துக்கு நானூற்று இருபது. கடலில் நானூற்று ஐம்பத்திரண்டு. முந்தைய வருடமும் இதே மாதத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்த ஏற்றத்தை வைத்துத் தொலைவில் ஒரு ஆராய்ச்சி மாணவி தன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

எண் தலைகீழான பதினோராவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி அழைத்தார்.

"மேடம், கருவியில ஏதோ கோளாறு. இந்த மாசத்துக்குச் சந்தேகம்னு குறி போட்டு மூடிடலாம்."

"கருவி சரியா இருக்கு சார். பிடிக்காத நம்பர்னா தப்பான நம்பரா?"

"அப்போ நிரூபிங்க."

"நிரூபிக்கறேன்."

மறுநாளிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும், கருவிக்கு நீர் போகும் குழாயில் ஒரு டேப்பைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்தார். நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் எண்ணை மாற்றிவிடாதபடி ஒரு சொட்டு விஷம், மூடியைச் சுற்றி கிரீஸ், மேலே தேதி. பத்தொன்பது நாள். நடுவில் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு போனார். துறைமுகத்து ஆய்வகம் அளந்து சொன்னது: சராசரி நானூற்று ஐம்பது. கருவி காட்டியதற்குக் கிட்டத்தட்ட அதே எண்.

அன்று சாயங்காலம் அண்ணனை உட்காரவைத்துப் பத்தொன்பது எண்களையும் வாசித்துக் காட்டினாராம். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான் அண்ணன். எது என்று அவனுக்குத் தெரியாது.

[கதையை இங்கேயே முடித்திருந்தேன். ஒற்றைப் பெண், ஒரு அலுவலகம், வெற்றி. கடைசி வரி: ‘கடல் அவர் பக்கம் நின்றது.’ படித்துவிட்டு அண்ணி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "மிச்சத்தையும் எழுது."]

4

மிச்சத்தில் ஒருவர் வருகிறார். அவரைக் கதையில் வைப்பதா என்று ரொம்ப யோசித்தேன். கப்பலின் இரண்டாம் இன்ஜினியர். எல்லோரும் அவரை டீசல் என்றே கூப்பிடுவார்கள். அண்ணியின் கருவியை அவருக்கு ஆகாது, இடத்தை அடைக்கிறதாம். திடீரென்று வந்து சரியான கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிற பாத்திரத்தை வாசகர் நம்ப மாட்டார். ஆனால் அவர் வந்தார், கேட்டார். நான் என்ன செய்ய?

"மேடம், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுப்பேன். கேளுங்க."

"கருவிக்கு வர்ற தண்ணியும் இந்தக் குழாய்லேருந்துதான். பாட்டில்ல பிடிச்சதும் இதே குழாய்லேருந்துதான். ரெண்டும் ஒத்துப்போகாம வேற என்ன பண்ணும்?"

அரை மணி நேரம் கழித்து அண்ணியே போய், "கடல்லேருந்து நேரா பிடிக்கணும். கப்பல் மெதுவாப் போகுமா?" என்று கேட்டார்.

டீசல் கேப்டனிடம் பேசி நான்கு நிமிடம் வாங்கித் தந்தார். நடுக் கடலில் ஃபெர்ரி வேகம் குறைந்ததும் பயணிகள் கைப்பிடியோரம் கூடிவிட்டார்கள். "யாரோட போனாவது விழுந்துடுச்சா?" என்றார் ஒருவர். அண்ணி கயிற்றில் பாட்டிலை இறக்கி ஏற்றினார். அதே நேரத்தில் டீசல் கீழே குழாயின் டேப்பில் ஒரு பாட்டில் பிடித்தார்.

கீழே பிடித்தது நானூற்று ஐம்பத்தொன்று. கடலில் பிடித்தது நானூற்று இருபத்தெட்டு.

ஆறு நாள் அப்படிச் செய்தார்கள். ஆறு நாளும் அதே இடைவெளி.

5

முப்பத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பராமரிப்புக்காக அன்று மட்டும் ஃபெர்ரியை நிறுத்தியிருந்தார்கள். கருவியை நிறுத்திவிட்டுக் குழாயைக் கழற்றினார்கள். நேரான பகுதி பளிச்சென்று இருந்தது. பம்புக்குப் பக்கத்து வளைவைப் பிரித்ததும் டீசல், "அடேயப்பா" என்றார். உள்ளே கட்டைவிரல் கனத்துக்குச் சிப்பிகள், அடை அடையாக. அவை மூச்சு விடும். (மூச்சு விட இவற்றுக்கு அண்ணியின் அனுமதி உண்டு, உயிருள்ளவை.) அவை விட்ட வாயுதான் போகிற நீரில் கலந்து எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தது.

இதுவரை இது சிப்பியின் குற்றம். அண்ணி அங்கே நிற்கவில்லை, பராமரிப்பு நோட்டை எடுத்தார். கடந்த இரண்டு வருடத்தில் இரண்டு முறை கப்பலைப் பழுது பார்க்கக் கரையேற்றியபோதும் ‘குழாய் உட்புறம் பார்க்கப்பட்டது, சுத்தம்’ என்று எழுதி, கீழே கையெழுத்து. அண்ணியுடையது. கருவிப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். வளைவுக்கு அப்பால் வெளிச்சம் போகாது.

"அந்தப் பக்கமெல்லாம் யாரு மேடம் பாப்பாங்க?" என்றார் டீசல்.

"பாத்தேன்னு எழுதினவ பாத்திருக்கணும்."

[என்னிடம் இதைச் சொன்னபோது அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த சட்டையையே பிரித்து இன்னொரு முறை மடித்தார். ‘அவர் குரல் நடுங்கியது’ என்று எழுதி அடித்துவிட்டேன். நடுங்கவில்லை.]

6

மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு அவரே அழைத்தார். இரண்டு வருட அளவுகளுக்கும் சந்தேகக் குறி போடப்போவதாகச் சொன்னார்.

"ரெண்டு வருஷமா? மேடம், நான் ஒரு மாசம்தானே கேட்டேன்!"

"நீங்க கேட்டது தப்பான காரணத்துக்கு சார். இது சரியான காரணத்துக்கு."

எழுநூற்றுச் சொச்சம் நாட்கள். ஒவ்வொன்றையும் திறந்து குறி போட்டார். ஒன்பது நாள் ஆயிற்று. கடலில் நேராகப் பிடித்த ஆறு நாட்களை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஆறு நாளும் கடல் கொஞ்சமே கொஞ்சம் வாயுவை வெளியே விட்டிருந்தது, எட்டு எண் அளவு. அவ்வளவு சண்டைக்கும் மிஞ்சியது அது. மற்ற நாட்களில் என்ன நடந்தது என்ற இடத்தில், ‘தெரியாது’ என்று எழுதினார். இப்போது வளைவில் திறந்து பார்க்கக்கூடிய குழாய் போட்டிருக்கிறார்கள். இனி மாதம் ஒரு முறை கப்பல் நான்கு நிமிடம் மெதுவாகப் போகும்.

7

மிஞ்சியது அந்த ஆராய்ச்சி மாணவி. அவருடைய மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு வருடங்களின் மேல்தான் நிற்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது.

கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன். கொஞ்சம் பதமாகச் சொல்லலாமே?

"வேண்டாம். நீ எழுதினா அழகா இருக்கும். அந்தப் பொண்ணு அழகைப் படிச்சுட்டுத் தப்பை விட்டுடுவா."

அவர் எழுதியது இதுதான்:

‘உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் உள்ள இரண்டு வருட அளவுகள் தவறு. குழாயின் வளைவில் சிப்பி வளர்ந்திருந்தது. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன், பார்க்கவில்லை. சரியான நாட்கள் ஆறு, இணைத்திருக்கிறேன். உங்கள் தேர்வுக் குழுவிடம் நானே வந்து சொல்லத் தயார்.’

இன்று காலை, வேலைக்குக் கிளம்புமுன், அனுப்பினார்.

பதிலை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மன்னிக்கிற பதில். திட்டுகிற பதில். ‘நன்றி’ என்று ஒரே சொல்லில் ஒரு பதில், அதுதான் மூன்றிலும் கொடுமை. மூன்றையும் கிழித்துவிட்டேன். அந்தப் பெண் நான்கு வருடம் உழைத்திருக்கிறாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்வது நியாயமில்லை.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் மேஜையில் மூன்றாம் அத்தியாயம் இருக்கிறது, திரையில் இந்தக் கடிதம் இருக்கிறது. இன்னொரு முறை படித்துவிட்டே எழுதுங்கள், அவசரமில்லை. அண்ணி இப்போது கப்பலின் அடித்தளத்தில் இருப்பார். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், அக்கரை சேர்ந்த பிறகுதான், அவருக்குச் சிக்னல் கிடைக்கும்.